யார் பெயரில் இருக்கிறது?

கையில் காசு இருந்தால் வங்கிக் கதவு தானாகத் திறக்கும் என்று நினைத்துக்கொண்டிருந்தவள்தான் நானும். அந்த நினைப்பு என் 62-ஆவது வயதில் மாறியது. மாற்றியது ஜொகூர் பாலத்துக்கு அந்தப் பக்கம், சிங்கப்பூரில் ஒரு வங்கி மேசைக்கு முன்னால் கிடந்த நாற்காலி.

அந்த நாற்காலியில் உட்கார்ந்து நான் பட்ட பாட்டையும், அதற்கு முன்னும் பின்னும் எங்கள் குடும்பத்தில் நடந்ததையும் எழுதினால், என்னைப்போல் தோட்டத்தில் பிறந்து இன்று பட்டணத்தில் சிறு தொழில் ஒன்றைக் கையில் பிடித்துக்கொண்டிருக்கும் சகோதரிகளுக்கு உதவுமே என்றுதான் இதை எழுத உட்கார்ந்தேன்.

நான் பிறந்தது 1962 மார்ச்சில், ஜொகூர் மாநிலத்தின் ஒரு ரப்பர் தோட்டத்தில். தோட்டத்துத் தமிழ்ப் பள்ளியில் ஆறாம் வகுப்பு வரைதான் படிப்பு. 1979-இல் உளியும் வாளியும் கைக்கு வந்தன. விடியுமுன் பிரட்டுக்குப் போய், தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு நிரை பிடித்து மரம் வெட்டிய நாட்கள் அவை. ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. பிறகு தோட்டத்தின் ஒரு பகுதி வீடமைப்புக்குப் போயிற்று. 2008-இல் லயத்தைக் காலி செய்துகொண்டு பட்டணத்து மலிவு வீட்டுக்கு வந்து சேர்ந்தோம். என் வீட்டுக்காரர் அடுத்த சில ஆண்டுகளில் கண்ணை மூடிவிட்டார்.

உட்கார்ந்து அழுதால் சோறு வருமா? அம்மாவிடம் கற்ற கறி மசாலைத்தூளும் ரசப்பொடியும் கைகொடுத்தன. முதலில் அக்கம்பக்கத்து வீடுகளுக்கு. பிறகு பாசார் மாலாமில் ஒரு மேசை. பிறகு ஒரு சிறிய கடையை வாடகைக்கு எடுத்து, அரைக்கும் இயந்திரம் ஒன்றும் வாங்கிப் போட்டோம். என் மகள் கூடமாட நின்றாள்.

நம் நாட்டில் தொழிலைப் பதிவது பெரிய காரியமாக இல்லை. தொழில் தொடங்கி 30 நாளுக்குள் மலேசிய நிறுவன ஆணையத்தில், அதுதான் எஸ்.எஸ்.எம்., பதிய வேண்டும். சொந்தப் பெயரிலேயே தொழில் என்றால் ஆண்டுக்கு 30 வெள்ளி. கடைக்குத் தனிப் பெயர் வைத்தால் 60 வெள்ளி. நாங்கள் பெயர் வைத்தோம். பதிவுச் சான்றிதழ், தொழில் விவரத் தாள், என் அடையாள அட்டை, ஒரு ரப்பர் முத்திரை. இவ்வளவையும் கொண்டுபோய்க் கொடுத்ததும் பட்டணத்து வங்கியில் அரை நாளில் தொழில் கணக்கு திறந்து கொடுத்துவிட்டார்கள். ஆகவே, கணக்குத் திறப்பது இவ்வளவுதானே என்று எனக்கு ஒரு அலட்சியம்.

அண்ணன் மகன் சிங்கப்பூரில் வேலை செய்கிறான். அங்கே படித்து, அங்கேயே வேலையில் அமர்ந்து, நிரந்தரவாசியும் ஆகிவிட்டான். ஊருக்கு வரும்போதெல்லாம் என் மசாலைப் பொட்டலம் பத்துப் பதினைந்தைப் பையில் போட்டுக்கொண்டு போவான். கூட வேலை செய்பவர்கள் கேட்டு வாங்கிக்கொண்டார்களாம். அப்படியே பேச்சு ஒரு மளிகைக் கடைக்காரர் காதுக்குப் போயிற்று. மாதம் இத்தனை கிலோ வேண்டும் என்று அவர் கேட்டார். ஆனால் ஒன்று, "சிங்கப்பூரில் பதிந்த கம்பெனியின் பில் வேண்டும், காசை அந்தக் கம்பெனியின் வங்கிக் கணக்கில்தான் போடுவேன்" என்று கறாராகச் சொல்லிவிட்டார்.

அவர் சொன்னதில் தவறு இல்லை. உணவுப் பொருளை விற்பதற்காகச் சிங்கப்பூருக்குள் கொண்டுபோக வேண்டுமென்றால், அங்கே பதிந்த நிறுவனம் ஒன்று இருக்க வேண்டும்; சிங்கப்பூர் உணவு அமைப்பிலும் சுங்கத் துறையிலும் பதிந்திருக்க வேண்டும். சரக்கு உள்ளே போகும்போது 9 விழுக்காடு பொருள் சேவை வரியும் உண்டு. பையில் போட்டுக்கொண்டு போய்ப் பிரியத்துக்குக் கொடுப்பது வேறு. கடைக்கு விற்பது வேறு. இது எனக்கும் அப்போதுதான் தெரிந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவன் வந்திருந்தான். பசியாறிவிட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தோம்.

"அத்தை, எதுக்கு இவ்வளவு அலைச்சல்? எல்லாத்தையும் என் பேர்லயே பதிஞ்சிடுறேன். காசு என் சொந்தக் கணக்குக்கு வரட்டும். மாசா மாசம் உங்களுக்கு அனுப்பிடுறேன். நான் என்ன வேத்து ஆளா?"

அவன் மனதில் ஒரு துளி கள்ளம் இல்லை. அது எனக்குத் தெரியும். தொட்டிலில் போட்டு நான் ஆட்டிய பிள்ளை அவன். ஆனாலும் என் வாயிலிருந்து 'சரி' என்ற சொல் வரவில்லை.

"வேணாம் தம்பி. என் பேரும் அதுல இருக்கணும்" என்றேன்.

அவன் முகம் சுருங்கிவிட்டது. "என்னை நம்பலையா அத்தை?" என்று கேட்டான். காப்பியைப் பாதியிலேயே வைத்துவிட்டு எழுந்து வாசலுக்குப் போய் நின்றுகொண்டான்.

எனக்கு மனது கேட்கவில்லை. உள்ளே போய், கட்டிலுக்கு அடியில் இருந்த அப்பாவின் தகரப் பெட்டியை இழுத்து வந்தேன். அவனைக் கூப்பிட்டு உட்கார வைத்தேன். அவனுடைய தாத்தாவின் கதையை அன்றுதான் அவனுக்குச் சொன்னேன்.

அப்பாவும் இந்த மண்ணில்தான் பிறந்தவர். ஆனால் அவருக்குப் பிறப்புப் பத்திரம் இல்லை. லயத்தில் பிறந்தவரை யாரும் கொண்டுபோய்ப் பதியவில்லை. பத்திரம் இல்லாததால் அவர் கையில் கிடைத்தது சிவப்பு அடையாள அட்டை. அண்ணனும் நானும் சுதந்திரத்துக்குப் பிறகு பிறந்தவர்கள். எங்கள் பிறப்பைத் தோட்டத்துக் கிராணி பதிந்து கொடுத்ததால் எங்களுக்கு நீல அட்டை கிடைத்தது. ஒரே வீட்டில் அப்பாவுக்குச் சிவப்பு, பிள்ளைகளுக்கு நீலம். 1969-க்குப் பிறகு குடியுரிமை இல்லாதவர்கள் வேலை செய்யப் பெர்மிட் எடுக்க வேண்டும் என்று வந்தபோது, எங்கள் லயத்திலேயே எத்தனையோ குடும்பங்கள் மூட்டை கட்டிக்கொண்டு கப்பலேறின. அப்பாவுக்குப் பெர்மிட் கிடைத்தது. ஆனால் அன்று பிடித்த பயம் அவரைக் கடைசிவரை விடவில்லை. அரசாங்க அலுவலகம் என்றாலே அவருக்குக் கால் நடுங்கும்.

அந்தப் பயத்தோடுதான் அவர், தோட்டத்துக்கு வெளியே உள்ள சிறு பட்டணத்தில் ஒரு காப்பிக் கொட்டகை போட்டார். முதல் அவருடையது. அம்மாவின் தாலிக்கொடி அதில் போயிற்று. காலையில் மரம் வெட்டிவிட்டு, மாலையில் அம்மாவும் அப்பாவும் கொட்டகையில் நின்றார்கள். லைசென்ஸ் மட்டும் அப்பாவின் நண்பர் ஒருவர் பெயரில். "சிவப்பு அட்டையைக் காட்டிக் கேட்டா ஏதாச்சும் வம்பு வரும். நீயே உன் பேர்ல எடுத்துடுப்பா" என்று அப்பாவேதான் கெஞ்சிக் கேட்டுக்கொண்டார்.

அந்த நண்பர் உத்தமர். உயிரோடு இருந்தவரை ஒரு காசு ஏமாற்றியதில்லை. கொட்டகைப் பக்கம் வந்தால் குடித்த காப்பிக்கும் காசு வைத்துவிட்டுப் போவார். 1978-இல் அவர் திடீரென்று மாரடைப்பில் போய்விட்டார். கருமாதி முடிந்த மறு வாரம் அவருடைய மூத்த மகன் லைசென்ஸ் தாளோடு வந்து நின்றான். "எங்கப்பா கடை" என்றான். அவனுக்கும் உண்மை தெரியாது. தாளில் இருந்ததைத்தான் அவன் படித்தான். அப்பா யாரிடம் போய் என்ன சொல்வார்? எதைக் காட்டுவார்? அடுப்பையும் குவளைகளையும் தூக்கிக்கொண்டு லயத்துக்குத் திரும்பினார். அடுத்த ஆண்டு நான் உளி பிடித்தது அதனால்தான்.

"உங்க தாத்தாவுக்கு அந்த நண்பர் மேல நம்பிக்கை இல்லாமலா இருந்துச்சு?" என்று கேட்டேன். "நீ நல்லவன்தான்யா. ஆனா உனக்கோ எனக்கோ நாளைக்கு ஒண்ணு ஆச்சுன்னா, பேசப்போறது நீயும் இல்ல, நானும் இல்ல. காகிதம்தான் பேசும்."

அவன் பெட்டிக்குள் இருந்த பழைய பெர்மிட்டைக் கையில் எடுத்து வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தான். "யாருமே எனக்கு இதைச் சொல்லலையே அத்தை" என்றான். பிறகு ஆறிப்போன காப்பியை எடுத்துக் குடித்தான்.

இரண்டு வாரத்தில் வேலையை ஆரம்பித்தோம்.

முதலில் எனக்குக் கடப்பிதழ். அதுவரை நான் எடுத்ததே இல்லை. அறுபது வயது தாண்டியவர்களுக்கு 100 வெள்ளிதான் கட்டணம். ஒரு காலத்தில் சிங்கப்பூரும் மலேசியாவும் ஒரே நாடு, 1965-இல் பிரிந்தன. 1973 வரை அவர்கள் வெள்ளியும் நம் வெள்ளியும் ஒன்றுக்கு ஒன்று செல்லும். அப்பா சிராங்கூன் சாலைக்குப் போய் வேட்டி வாங்கி வந்த கதையை எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன். இன்றோ அது அயல்நாடு. என்னுடைய 20,000 வெள்ளி அங்கே போனால் எவ்வளவோ குறைவு.

அடுத்தது கம்பெனி. சிங்கப்பூரில் கம்பெனிகளைப் பதிவது அக்ரா என்னும் அமைப்பு. அங்கே உள்ள சட்டப்படி ஒவ்வொரு கம்பெனிக்கும் அந்த நாட்டில் வசிக்கும் இயக்குநர் ஒருவராவது இருக்க வேண்டும். நிரந்தரவாசியான அண்ணன் மகன் அதற்குப் பொருந்தினான். நானும் ஓர் இயக்குநர். பங்கில் எனக்கு 60 விழுக்காடு, அவனுக்கு 40. அந்த நாட்டில் ஒரு முகவரி வேண்டும். தபால் பெட்டி எண் செல்லாது. ஆறு மாதத்துக்குள் கம்பெனிச் செயலாளர் ஒருவரை அமர்த்த வேண்டும். அவரும் அங்கேயே வசிப்பவராக இருக்க வேண்டும். பெயருக்கு 15 சிங்கப்பூர் வெள்ளி, பதிவுக்கு 300. என்னைப்போல் வெளிநாட்டில் இருப்பவர்களுக்கு அவர்களுடைய சிங்பாஸ் கணக்கு இல்லாததால், பதிவு பெற்ற முகவர் ஒருவர் மூலம்தான் செய்ய முடியும். அவருக்குக் கூலி தனி.

இந்த இடத்தில் ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். நம் பிள்ளைகள் ஆயிரக்கணக்கில் அதிகாலையிலேயே பாலத்தைக் கடந்து வேலைக்குப் போகிறார்கள். அவர்களில் வேலை பெர்மிட்டில் இருப்பவர்கள் அங்கே சொந்தத் தொழில் நடத்தக் கூடாது. "நம்ம பையன்தான் அங்க இருக்கானே" என்று அவன் பெயரில் எதையாவது பதிந்துவிட்டால், பெர்மிட்டே போய்விடும். நிரந்தரவாசி வேறு, பெர்மிட்காரர் வேறு.

கம்பெனி பதிவாகி அதற்கென்று ஓர் எண்ணும் வந்துவிட்டது. அதை வைத்துக்கொண்டு ஒரு வங்கிக்குப் போனோம். பாரம் நிரப்பினோம். மூன்று வாரம் கழித்து, கணக்குத் திறக்க இயலாது என்று இரண்டு வரிக் கடிதம் வந்தது. காரணம் எழுதவில்லை. அன்று இரவு எனக்குத் தூக்கம் இல்லை. அப்பா பார்த்துப் பயந்தது இந்த மாதிரிக் கதவைத்தானோ என்று தோன்றியது.

அந்தச் சமயத்தில்தான் அறிமுகமான ஒருவர் வந்து ஆசை காட்டினார். "என்கிட்ட அங்க ஒரு கம்பெனிக் கணக்கு சும்மாதான் கிடக்கு. உங்க காசு அதுல வரட்டும். எனக்கு ஒரு சின்னப் பங்கு குடுத்தாப் போதும்" என்றார். ஒரு நிமிடம் மனது தடுமாறத்தான் செய்தது. மளிகைக் கடைக்காரர் எத்தனை நாள் காத்திருப்பார்? ஆனால் தகரப் பெட்டி என் கட்டிலுக்கு அடியில்தானே இருக்கிறது. வேண்டாம் என்று கும்பிட்டு அனுப்பிவிட்டேன். பிறகுதான் அண்ணன் மகன் விளக்கினான்: இப்படிக் கணக்கைக் கடன் கொடுப்பதும் வாங்குவதும் இரு நாட்டிலும் வம்பில் மாட்டிவிடும், மோசடிப் பணம் அந்தக் கணக்கு வழியாகப் போனால், கணக்கு யார் பெயரில் இருக்கிறதோ அவரைத்தான் போலீஸ் தேடி வரும்.

இரண்டாவது வங்கிக்குப் போகுமுன், கம்பெனிச் செயலாளரைப் பார்த்து என்னென்ன வேண்டும் என்று ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதிக்கொண்டோம். முன்பே செய்திருக்க வேண்டியது அது. அக்ராவிலிருந்து புதிதாக எடுத்த கம்பெனி விவரத் தாள். கம்பெனியின் அமைப்பு விதிகள். 'இந்த வங்கியில் கணக்குத் திறக்கிறோம், இன்னின்னார் கையெழுத்திடுவார்கள்' என்று இயக்குநர்கள் நிறைவேற்றிய தீர்மானம். இயக்குநர்கள், பங்குதாரர்கள், கையெழுத்திடுபவர்கள் எல்லாருடைய கடப்பிதழ் அல்லது அடையாள அட்டை. ஒவ்வொருவரும் எங்கே குடியிருக்கிறோம் என்பதற்கு ஓர் அத்தாட்சி. எந்த நாட்டில் வரி கட்டுகிறோம் என்ற உறுதிமொழி, வரி எண்ணோடு. என்ன தொழில், யாருக்கு விற்கிறோம், மாதம் எவ்வளவு வரும் போகும் என்ற விவரம். போடப்போகும் முதல் எங்கிருந்து வந்தது என்பதற்கு ஆதாரம். நகல்கள் என்றால், 'அசலைப் பார்த்தேன்' என்று தகுதியுள்ளவர் கையெழுத்திட்டு முத்திரை வைத்திருக்க வேண்டும்.

கேட்பதற்குச் சின்னக் காரியங்கள். என்னிடம் ஒவ்வொன்றிலும் ஒரு முள் இருந்தது.

முதல் முள், என் பெயர். பிறப்புப் பத்திரத்தில் கிராணி 'லெச்சுமி' என்று எழுதினார். அடையாள அட்டையிலும் கடப்பிதழிலும் 'லெட்சுமி'. பழைய வங்கிப் புத்தகத்தில் 'லக்ஷ்மி'. அது போதாதென்று, பாரத்தில் குடும்பப் பெயர் என்று ஒரு கட்டம். நமக்கு ஏது குடும்பப் பெயர்? கம்பெனியைப் பதிந்தபோது முகவர் அந்தக் கட்டத்தில் அப்பாவின் பெயரைப் போட்டு, என் பெயரைத் தலைகீழாக்கிவிட்டார். கடப்பிதழில் ஒரு மாதிரி, கம்பெனித் தாளில் ஒரு மாதிரி. முதல் வங்கி தள்ளியதற்கு அதுவும் காரணமாக இருக்குமோ என்னவோ! முகவரைக் கொண்டே அதைத் திருத்தினோம். பழைய வங்கிப் புத்தகத்துக்கு, 'இந்தப் பெயர்கள் எல்லாம் ஒருவரையே குறிக்கும்' என்று சத்தியப் பிரமாண ஆணையர் முன்னிலையில் உறுதிமொழிப் பத்திரம் எழுதி, நம் ஊர் வங்கியில் பெயரைச் சரிசெய்துகொண்டேன்.

இரண்டாவது முள், வீட்டு முகவரி. மின்சார பில் இன்னும் காலமான என் வீட்டுக்காரர் பெயரிலேயே வந்துகொண்டிருந்தது. தண்ணீர் பில்லும் அப்படியே. பதினைந்து வருடத்துக்கு மேல் குடியிருக்கும் வீட்டில் நான் குடியிருக்கிறேன் என்பதற்கு என்னிடம் ஒரு தாள் இல்லை! லயத்தில் இருந்த காலத்தில் வீடு கம்பெனியுடையது. பில் என்ற பேச்சே இல்லை. அந்தப் பழக்கத்தில் இதை நான் கவனிக்கவே இல்லை. கடைசியில், என் பெயரும் முகவரியும் அச்சான நம் ஊர் வங்கியின் மாதக் கணக்கு அறிக்கையை அவர்கள் ஏற்றுக்கொண்டார்கள். ஊருக்கு வந்ததும் முதல் வேலையாக மின்சார பில்லை என் பெயருக்கு மாற்றினேன்.

மூன்றாவதுதான் பெரிய முள்.

வங்கியில் எங்களை நேரில் வரச் சொல்லியிருந்தார்கள். நல்ல சேலை ஒன்றைக் கட்டிக்கொண்டு போனேன். மேசைக்கு அந்தப் பக்கம் ஒரு சீனப் பெண். என் மகள் வயதுதான் இருக்கும். மரியாதையாகத்தான் பேசினாள். தாள்களை எல்லாம் ஒவ்வொன்றாகப் புரட்டிவிட்டு நிமிர்ந்து கேட்டாள். அண்ணன் மகன் தமிழில் சொன்னான்: "இந்தப் பணம் உங்களுக்கு எங்க இருந்து வந்துச்சுன்னு கேக்குறாங்க அத்தை."

சுருக்கென்றது. திருடியா கொண்டு வந்திருக்கிறேன்? எழுந்து போய்விடலாமா என்றுகூட நினைத்தேன். கண் கலங்குவதை மறைக்கக் கைப்பையைக் குடைந்தேன். அதில்தான் ஊழியர் சேமநிதியின் தாள் இருந்தது. 55 வயதில், 2017-இல் எடுத்த பணத்தின் கணக்கு. அதோடு, அந்தப் பணத்தை நம் ஊர் வங்கியில் நிரந்தர வைப்பில் போட்ட ரசீது. இரண்டையும் எடுத்து மேசையில் வைத்தேன்.

அந்தப் பெண் நிதானமாகப் படித்தாள். "என்ன வேலை செஞ்சாங்க?" என்று கேட்டாள். அண்ணன் மகன் சொன்னான். "எத்தனை வருஷம்?"

"இருபத்தொன்பது" என்று நானே மலாயில் சொன்னேன்.

அவள் ஒரு கணம் என் கைகளைப் பார்த்தாள். "இதைவிட நல்ல ஆதாரம் வேண்டாம், ஆன்ட்டி" என்று அவளும் மலாயிலேயே சொன்னாள்.

சகோதரிகளே, அந்த நேரத்தில் என் மனதில் ஓடியதை எப்படி எழுதுவேன்! மாதா மாதம் சம்பளத்தில் பிடித்துக்கொண்டபோது எத்தனை முறை முணுமுணுத்திருப்பேன். அந்தக் காசு ஒவ்வொன்றும் எழுத்தில் பதிவாகி, அயல்நாட்டில் ஒரு மேசையின் மேல் எனக்காகச் சாட்சி சொல்லிற்று. மழையில் வெட்டிய மரமும், அட்டை கடித்த காலும் வீண்போகவில்லை. அப்பாவுக்கு இப்படி ஒரு தாள் இருந்திருந்தால்!

அந்தப் பெண்ணே பிறகு விளக்கினாள். கேள்வி எனக்கென்று வந்ததல்ல. கள்ளப் பணம் கம்பெனிப் பெயரில் ஒளிந்துகொண்டு போவதைத் தடுக்க, கணக்குத் திறக்க வரும் ஒவ்வொருவரையும் கேட்டாக வேண்டும் என்பது வங்கிகளுக்கு உள்ள விதியாம். பெயருக்கு இருப்பவர் யார், உண்மையில் சொந்தக்காரர் யார் என்று பார்ப்பார்களாம். 25 விழுக்காட்டுக்கு மேல் பங்கு உள்ளவர்களைத் தனியாக விசாரிப்பார்களாம். அப்பாவின் காலத்தில் இந்தக் கேள்வியை ஒரே ஒருவர் கேட்டிருந்தால் போதுமே என்று நினைத்துக்கொண்டேன்.

கடைசியாக, காசு எடுக்க யார் கையெழுத்துப் போடுவது என்ற கேள்வி வந்தது. 'ஒருவர் போட்டால் போதும்' என்று ஒரு கட்டம். 'இருவரும் சேர்ந்து' என்று ஒரு கட்டம். நான் வாய் திறக்குமுன் அண்ணன் மகன் பேனாவை எடுத்து 'இருவரும் சேர்ந்து' என்ற கட்டத்தில் குறியிட்டான். "தாத்தாவுக்காக அத்தை" என்றான். நான் மறுபக்கம் திரும்பிக்கொண்டேன்.

நான் தமிழில்தான் கையெழுத்துப் போடுகிறவள். செல்லுமா என்று தயங்கிக் கேட்டேன். எந்த மொழியானாலும் சரி, எல்லாத் தாளிலும் ஒரே மாதிரி இருந்தால் போதும் என்றாள் அந்தப் பெண். தோட்டத்துப் பள்ளியில் வாத்தியார் கைப்பிடித்து எழுத வைத்த அதே எழுத்தில் ஒன்பது இடத்தில் கையெழுத்திட்டேன்.

மூன்று வாரம் கழித்துக் கணக்கு திறந்தது. இரண்டு மாதம் கழித்து மளிகைக் கடையின் முதல் பணம் வந்தது. பெரிய தொகை இல்லை. அரிசி மூட்டை சிலவற்றின் விலைதான். ஆனால் அது எந்தப் பெயருக்கு வந்தது என்பதுதான் எனக்குப் பெரிது.

அன்று மாலை, கம்பெனித் தீர்மானத்தின் நகலையும் பங்குப் பத்திரத்தையும் ஓர் உறையில் போட்டு, அப்பாவின் தகரப் பெட்டியில், அவருடைய பழைய பெர்மிட்டுக்கு மேலே வைத்தேன். மகளைக் கூப்பிட்டு, எது எங்கே இருக்கிறது என்று காட்டினேன்.

அயல்நாட்டில் கம்பெனி திறக்கும் யோகம் நம்மில் எத்தனை பேருக்கு வரப்போகிறது என்று நீங்கள் கேட்கலாம். இருக்கட்டும். இன்று இரவு சாப்பாட்டுக்குப் பிறகு உங்கள் வீட்டுப் பெட்டியை ஒருமுறை திறந்து பாருங்கள். பிள்ளைகளின் பிறப்புப் பத்திரத்தில் பெயர் ஒரே மாதிரி இருக்கிறதா? மின்சார பில் உயிரோடு இருப்பவர் பெயரில் வருகிறதா? சேமநிதித் தாள் பத்திரமாக இருக்கிறதா? உங்கள் உழைப்பில் நடக்கும் கடையோ, வண்டியோ, மனையோ யார் பெயரில் இருக்கிறது?

நல்லவரை நம்புங்கள், நம்ப வேண்டியதுதான். அந்த நம்பிக்கையை ஒரு தாளிலும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.